ஜப்பான் நாட்டு நூலகங்கள்: காத்தலும் வழங்கலும்

முன்னுரை

நூலகத்தின் வரலாறு நூல்களைத் தொகுத்த வரலாறு மட்டும் அன்று. தொகுத்தவற்றை எவர்க்குத் திறந்தனர், எவர்க்கு அடைத்தனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாம். ஒரு நாட்டில் எத்துணை நூல்கள் இருந்தன என்று வினவுவோர் பலர்; அவை எத்துணைக் கைகளிற் புழங்கின என்று வினவுவோர் சிலர். இவ்விரண்டாம் வினாவை முன்வைத்து ஜப்பான் நாட்டு நூலகங்களின் வளர்ச்சியை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

ஜப்பானிய நூலகம் மெய்ஜி காலத்தில் (1868–1912) மேலைநாடுகளிலிருந்து வந்த நிறுவனம் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. 'தொஷோகான்' என்று இன்று வழங்கும் நூலகத்தின் அமைப்பை மட்டும் நோக்குவார்க்கு இக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் அது வேரூன்றிய நிலம் வெறுநிலம் அன்று. அதற்கு முன்னரே அந்நாட்டில் இரு மரபுகள் தனித்தனியே வளர்ந்திருந்தன. ஒன்று நூலைக் காக்கும் மரபு. அதன் நிலைக்களம் 'புன்கோ'. எழுத்து, களஞ்சியம் எனப் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு அது. மற்றொன்று நூலை வழங்கும் மரபு. அதன் நிலைக்களம் 'காஷிஹோன்யா' எனப்பட்ட வாடகை நூற்கடை. முன்னது அரசர், துறவியர், போர்க்குடித் தலைவர் ஆகியோரிடத்தும், பின்னது நகர மக்களிடத்தும் வளர்ந்தன. இவ்விரு மரபுகளும் நெடுங்காலம் கூடாதிருந்தமையே அந்நாட்டு நூலக வரலாற்றின் சிக்கல் என்பதும், அவை ஒன்றுகூடியமையே அதன் வளர்ச்சி என்பதும் நம் துணிபு.

அரசும் கோயிலும்

ஆறாம் நூற்றாண்டில் கொரிய நாட்டின் வழியாகப் பௌத்த சமயம் ஜப்பானை அடைந்தது. அதனோடு நூல்களும் வந்தன. 610ஆம் ஆண்டில் கொரியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் தாளும் மையும் செய்யும் திறம் உடையவராயிருந்தார் என்று 'நிஹோன் ஷோகி' என்னும் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகின்றது. 701ஆம் ஆண்டில் முடிந்த தாய்ஹோ சட்டத் தொகுதி, அரண்மனை ஆட்சியின் ஓர் உறுப்பாக 'ஸுஷோர்யோ' என்னும் நூல் அலுவலகத்தை வகுத்தது. நூல்களைக் காத்தல், படியெடுத்தல், அரசின் வரலாறு எழுதுதற்குத் துணைசெய்தல், தாள், தூரிகை, மை ஆகியவற்றைச் செய்வித்தல் என்பன அதன் கடமைகள். நூலகம் அந்நாட்டில் முதன்முதல் அரசின் கருவியாகவே தோன்றியது என்பது இதனாற் புலனாகும்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று கருதற்பாலது. ஷோதொக்கு பேரரசியார் 764ஆம் ஆண்டுக் கலகம் அடங்கியபின், பத்து இலட்சம் சிறு மரக் கோபுரங்களைச் செய்வித்து, ஒவ்வொன்றினுள்ளும் அச்சிட்ட மந்திரச் சுருள் ஒன்றை வைக்கச் செய்தார். 770ஆம் ஆண்டில் முடிவுற்ற இப்பணியின் பயனாகிய கோபுரங்கள் பத்துக் கோயில்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுப் படிகளுள் இவையும் அடங்கும். எனினும் இவை படித்தற்கு அச்சிடப்பட்டவை அல்ல. கோபுரத்தின் உள்ளே புகுந்த சுருள் எவர் கண்ணிலும் படவேண்டுவதில்லை; அஃது இருப்பதே புண்ணியம் எனக் கொள்ளப்பட்டது. எழுத்தைப் பெருக்கும் ஆற்றல் அந்நாட்டிற்கு மிக முன்னரே வாய்த்தும், அது படிப்போரைப் பெருக்கப் பயன்படாமற் போயிற்று.

அதே நூற்றாண்டில் இதற்கு மாறான முயற்சி ஒன்றும் நிகழ்ந்தது. அரசவையில் உயர்பதவி வகித்த இசோனோகாமி நோ யகத்சுகு (729–781) என்பார் தம் இல்லத்தைக் கோயிலாக்கி, அதன் ஒரு மூலையில் பௌத்தம் சாராத பிற நூல்களைத் தொகுத்து வைத்து, கற்க விரும்புவார் எவரும் வந்து படிக்கலாம் என இசைந்தார். 'உன்தெயி' என்பது அதன் பெயர். ஏடுகளிற் பூச்சி அணுகாமற் காக்கும் நறுமணப் பூண்டின் பெயரால் அமைந்தது. கயா நோ தொயோதொஷி என்னும் அறிஞர் அங்குச் சில ஆண்டுகள் தங்கிக் கற்றார். ஜப்பானின் முதற் பொது நூலகம் என வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர். ஆயினும் நிறுவியவர் மறைந்தபின் அது நெடுநாள் நிலைபெறவில்லை. 828ஆம் ஆண்டில் கூக்காய் என்னும் துறவி தாம் நிறுவிய கல்விக்கூடத்தைப் பற்றி எழுதுங்கால், தொடக்கம் பெற்றும் தொடர்ச்சி பெறாத முயற்சிகளுள் ஒன்றாக உன்தெயியைச் சுட்டுகின்றார். திறந்த கதவு ஒருவரின் அருளால் மட்டும் திறந்திருக்குமாயின் அவரோடு அதுவும் அடைபடும் என்பதற்கு இது முதற் சான்று.

போர்க்குடியினரின் களஞ்சியங்கள்

அரசவையின் ஆற்றல் தளர்ந்து போர்க்குடியினர் ஆட்சி தோன்றியபோது நூற்காப்பும் அவர்கள் கைக்கு மாறியது. ஹோஜோ சனெதொகி என்னும் தலைவர் 1275ஆம் ஆண்டையொட்டி, இன்று யோக்கோஹாமா நகரைச் சார்ந்த கனசவா என்னும் ஊரில் ஒரு நூற்களஞ்சியம் அமைத்தார். அதுவே கனசவா புன்கோ. 1333ஆம் ஆண்டில் ஹோஜோ குடியின் ஆட்சி வீழ்ந்தபின், அடுத்திருந்த ஷோம்யோ கோயிலின் துறவியரே அதனைப் பேணினர். காவல் குன்றிய காலங்களில் வலியோர் பலர் அதன் அரிய நூல்களை எடுத்துச் சென்றனர். ஏட்டில் பொறித்த கருமை முத்திரையே பிற்காலத்தார் அந்நூல்கள் எவ்விடத்தன என்று அறிதற்குத் துணையாயிற்று.

அஷிகாகா என்னும் ஊரிலிருந்த கல்விக்கூடத்தை உயெசுகி நோரிசானெ 1432ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பித்து, 1439இல் சீன நாட்டுச் சோங் காலப் பதிப்புகளை அதற்கு வழங்கினார். வழங்கியதோடு அமையாது விதிகளும் வகுத்தார். நூலைக் கூடத்திற்கு வெளியே கொண்டுசெல்லலாகாது; படிப்போர் ஒரு நேரத்தில் ஒரு மடலமே பெறுதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. முத்துக்குளித்துறைக் கரையிற் பணியாற்றிப் பின் ஜப்பானுக்குச் சென்ற பிரான்சிசு சவேரியார், 1549இல் எழுதிய மடலில், அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள பெரிய கல்விக்கூடமாக இதனைக் குறிப்பிடுகின்றார். அன்று கிழக்கே ஒரு கூடம் இவ்வாறு விளங்க, தலைநகராகிய கியோத்தோவின் நிலை வேறாயிருந்தது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் அந்நகரின் பெரும்பகுதி எரிந்தது. இச்சிஜோ கனெயோஷி என்னும் பேரறிஞரின் நூற்களஞ்சியம் நெருப்புக்குத் தப்பியது. ஆயின் உள்ளே பொருள் இருக்கும் என்றெண்ணிய கொள்ளையர் அதனை உடைத்து ஏடுகளைச் சிதறடித்தனர். பூட்டே கள்வரை அழைத்தது எனலாம்.

1603ஆம் ஆண்டில் டோக்குகாவா ஆட்சியை நிறுவிய இயெயாசு, அதற்கு முந்திய ஆண்டிலேயே எடோக் கோட்டையில் நூலகம் ஒன்று அமைத்தார். கனசவா புன்கோவின் நூல்கள் சிலவும் அதனுட் புகுந்தன. 1633இல் நூற் பொறுப்பாளர் என்னும் பதவி ஏற்பட்டது. 1639இல் நூலகம் கோட்டையினுள் மோமிஜியாமா என்னும் இடத்திற்கு மாறியது. ஆண்டுதோறும் கோடையில் நூல்களை வெளியிலெடுத்துக் காற்றாட வைத்தலும், பட்டியலைத் திருத்தி அமைத்தலும் அங்கு வழுவாது நடந்தன. அந்நூல்கள் இன்று ஜப்பானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. காக்கும் மரபு இதனினும் சிறத்தல் அரிது. எனினும் அதன் வாயில் ஆட்சியாளர்க்கும் அவர்தம் அலுவலர்க்குமே திறந்தது.

தோளிற் சுமந்த நூலகம்

கோட்டைக்கு உள்ளே நூல்கள் காற்றாடிக்கொண்டிருந்த காலத்தில், கோட்டைக்கு வெளியே வேறொரு நூலகம் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தது. மர அச்சு வளர்ந்து கதைநூல்கள் பெருகின. ஆயின் நூலின் விலை நகர மக்களிற் பலர்க்கு எட்டாததாயிருந்தது. ஆகவே வாடகை நூற்கடைகள் தோன்றின. கடைக்காரர் நூல்களைத் துணியிற் கட்டி முதுகிற் சுமந்து வீடுதோறும் சென்று கொடுத்து, குறித்த நாளில் மீட்டு வருவர். 1808ஆம் ஆண்டில் எடோ நகரில் மட்டும் 656 கடைகள் இருந்தன. அரசு அச்சிட விடாது தடுத்த செய்திகளும் கைப்படிகளாக இவர்கள் மூட்டையிற் சென்றன.

இவற்றுள் நகோயா நகரின் 'தாய்சோ' சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1767இல் தொடங்கி 1899 வரை நடந்த இக்கடை, வாங்கிய நூலை விற்பதில்லை என்னும் கொள்கையால் மாபெருந் தொகுதியாக வளர்ந்தது. புது இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகிய த்சுபோஉச்சி ஷோயோ இளமையில் இக்கடையின் நூல்களைப் படித்து வளர்ந்தவர். கடை மூடப்பட்டபின் அதன் நூல்களைப் பேரரசு நூலகமும் பல்கலைக்கழகங்களும் வாங்கிக்கொண்டன. பொழுதுபோக்கு என இகழப்பட்டவை அரிய மூலங்களாக மதிக்கப்பட்டன. வழங்கும் மரபு காவாதது என்று கூறுவார்க்கு இது தக்க விடையாகும்.

இவ்விரு மரபுகளையும் இணைக்க முயன்ற தனியொருவர் ஹனாவா ஹோகிஇச்சி (1746–1821). இளமையிலேயே கண்பார்வை இழந்த இவர், பிறர் படிக்கக் கேட்டே பேரறிஞரானார். களஞ்சியங்களிற் கிடந்து அழியும் நிலையிலிருந்த பழைய நூல்களைத் தேடிப் படியெடுத்து, ஒப்புநோக்கி, 'குன்ஷோ ருயிஜு' என்னும் பெருந்தொகுதியாக அச்சிட்டார். 1819இல் முற்றுப்பெற்ற அதில் 1,273 நூல்கள் அடங்கும். அதற்கெனச் செதுக்கிய 17,244 மரப்பலகைகள் இன்றும் தோக்கியோவிற் காக்கப்படுகின்றன. ஒரு நூலைக் காத்தற்கு உறுதியான வழி அதனைப் பலர் கையிற் சேர்த்தலே என்பதை இவர் செயல் காட்டிற்று. சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்கும் பணியை அறிந்த நம் மாணவர்க்கு இதன் அருமையை விரித்துரைத்தல் வேண்டா.

கட்டணம் என்னும் கதவு

மேலைநாடுகளுக்குச் சென்று மீண்ட புகுசாவா யுகிச்சி, 1866இல் வெளிவரத் தொடங்கிய தம் 'செயியோ ஜிஜோ' என்னும் நூலில் அந்நாட்டு நூலகங்களை விளக்கினார். அவர் அவற்றைக் குறிக்கக் கையாண்ட சொல் 'புன்கோ' என்பதே. புதிய பொருளுக்குப் பழைய பெயர் அமைந்தமை நோக்கத்தக்கது. பெயரோடு பழைய மனப்பான்மையும் ஒட்டிக்கொண்டது எனக் கருத இடமுண்டு.

1872இல் கல்வி அமைச்சகம் தோக்கியோவில் யுஷிமாக் கன்பூசியக் கோயிலில் 'ஷொஜாகுகான்' என்னும் நூலகத்தைத் திறந்தது. 1875இல் அது தோக்கியோ ஷொஜாகுகான் எனப் புதிதாக அமைந்தபோது, அமெரிக்க நூலகங்களின் முறையைத் தழுவிக் கட்டணமின்றி அனைவரையும் ஏற்றது. அந்நிலை பத்தாண்டே நீடித்தது. 1885இல் நூலகம் உயெனோவிற்கு மாறியபோது கட்டணம் விதிக்கப்பட்டது. 1897இல் அது பேரரசு நூலகமாகி, 1906இல் புதிய கட்டடம் பெற்றது. 1899இல் வெளிவந்த நூலக ஆணையும் பொது நூலகங்கள் கட்டணம் பெறலாம் என்றே இசைந்தது. வறுமையில் உழன்ற எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோ அம்மையார் (1872–1896) உயெனோ நூலகத்திற்குச் சென்று படித்தவர். அத்தகையோர்க்கு அந்நூலகம் இன்றியமையாததாயிருந்தது. அத்தகையோர்க்கே கட்டணமும் சுமையாயிருக்கும்.

இதற்கிடையே நூலகர்கள் தம்முள் ஒன்றுகூடினர். 1892இல் தோன்றிய ஜப்பானிய நூலகச் சங்கம், அமெரிக்காவிலும் (1876) பிரித்தானியாவிலும் (1877) தோன்றிய சங்கங்களுக்கு அடுத்ததாகும். சானோ தொமோசபுரோ (1864–1920) அகிதா மாவட்டத்தில் 1902இல் நூற்பெட்டிகளை ஊர்தோறும் சுழலவிடும் முறையைத் தொடங்கினார். பின்னர் யாமகுச்சியில் சிறுவர்க்கு நூலகத்தில் இடம் அமைத்தார். படிப்போர் தாமே நூலை எடுக்கும் திறந்த அடுக்கு முறையையும் புகுத்தினார். மோரி கியோஷி 1929இல் வெளியிட்ட ஜப்பானியப் பதின்முறைப் பகுப்பு இன்றும் அந்நாட்டு நூலகங்களிற் பெருவழக்காயுள்ளது.

நெருப்பும் போரும்

1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தின் நூலகம் எரிந்தது. இலட்சக்கணக்கான நூல்கள் அழிந்தன. ருக்கு வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரின் நூற்றொகுதியை அவர் மறைவிற்குப்பின் இவாசாகி ஹிசாயா என்னும் செல்வர் வாங்கி 1901இல் அப்பல்கலைக்கழகத்திற்கு அளித்திருந்தார். அதுவும் அத்தீக்கு இரையாயிற்று. இந்தியவியல் கற்போர்க்கு இது பேரிழப்பு. அமெரிக்கச் செல்வர் இளைய இராக்பெல்லர் வழங்கிய நாற்பது இலட்சம் யென் கொண்டு 1928இல் புதிய கட்டடம் எழுந்தது.

1933இல் திருத்தப்பட்ட நூலக ஆணை, மாவட்டந்தோறும் ஒரு மைய நூலகத்தை அமைத்து ஏனையவற்றை அதன் மேற்பார்வையில் வைத்தது. போர்க்காலத்தில் இவ்வமைப்பு மக்களின் கருத்தை நெறிப்படுத்தும் கருவியாயிற்று. சில நூல்கள் அடுக்கிலிருந்து அகற்றப்பட்டன. அக்காலத்தும் நூலுக்காக உழைத்தவர் இருந்தனர். 1944, 1945ஆம் ஆண்டுகளில் தோக்கியோவின் ஹிபியா நூலகம், தலைவர் நகாதா குனிசோவின் முயற்சியால், தன் நூல்களோடு தனியார் தொகுதிகளையும் விலைக்கு வாங்கி, ஏறத்தாழ நான்கு இலட்சம் மடலங்களை நகருக்கு வெளியே அனுப்பியது. மாணவர்கள் அவற்றைச் சுமந்து சென்றனர். 1945 மே மாதம் நூலகக் கட்டடம் குண்டுவீச்சில் எரிந்தது. சுமந்து சென்றவை பிழைத்தன.

அடைத்து வைத்தவை யாவும் அழிந்தன என்று நாம் கூறவில்லை. பேரரசின் முத்திரையிட்டு அடைக்கப்பட்ட நாராவின் ஷோசோயின் கருவூலம் எட்டாம் நூற்றாண்டின் ஆவணங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றை நமக்குக் காத்துத் தந்துள்ளது. ஆயினும் ஒரே இடத்தில் ஒரே படியாய் அடைபட்டது ஒரு தீயால் முற்றும் அழியும். பல இடங்களிற் பரவியது அங்ஙனம் அழியாது. இவ்வேறுபாடே ஈண்டு அறிதற்பாலது.

இரு மரபுகளும் கூடிய காலம்

போருக்குப்பின் 1948இல் தேசிய நாடாளுமன்ற நூலகம் நிறுவப்பட்டது. உண்மையே மனிதரை உரிமையுடையோராக்கும் என்னும் நம்பிக்கையை அதன் சட்டத்தின் முகவுரை அடிப்படையாகக் கொண்டது. பழைய பேரரசு நூலகம் 1949இல் அதனோடு இணைந்தது. 1950ஆம் ஆண்டின் நூலகச் சட்டம், பொது நூலகங்கள் எவ்வகைக் கட்டணமும் பெறலாகாது என விதித்தது. 1885இல் அடைபட்ட கதவு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் சட்டத்தால் திறந்தது.

ஆயினும் பழக்கம் சட்டத்தோடு மாறிவிடவில்லை. நூல்கள் பூட்டிய அறைகளிலேயே கிடந்தன. படிப்பறைகளில் மாணவர் தம் பாடநூல்களைக் கொண்டுவந்து தேர்வுக்குப் படித்தனர். நூலகம் இருக்கை தரும் இடமாயிற்றேயன்றி நூல் தரும் இடமாகவில்லை. ஜப்பானிய நூலகச் சங்கம் 1963இல் வெளியிட்ட அறிக்கை, நூல் வழங்குதலே பொது நூலகத்தின் தலையாய பணி என வற்புறுத்தியது. அச்சங்கத்தின் செயலாளராயிருந்த அரியாமா தகாஷி 1965இல் தோக்கியோவை அடுத்த ஹினோ நகரின் தலைவரானார். அவ்வாண்டு செப்டம்பரில் அந்நகரின் நூலகம் தொடங்கப்பெற்றது. மாயெகாவா த்சுனெயோ அதன் தலைவர். அந்நூலகத்திற்குக் கட்டடம் இல்லை, படிப்பறை இல்லை, 'ஹிமாவாரி', அஃதாவது சூரியகாந்தி, என்னும் பெயருடைய நூல் வண்டி ஒன்றே இருந்தது. அவ்வண்டி குறித்த நாளிற் குறித்த தெருவிற்குச் சென்று நின்றது. மக்கள் வேண்டிய நூலைக் கேட்டுப் பெற்றனர். மையக் கட்டடம் 1973இல்தான் எழுந்தது. பிற நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின.

ஹினோவின் வண்டியில் எடோ நகரத்து மூட்டையைக் காண்கின்றோம். வாடகை நீங்கிற்று; தெருவிற்கு வந்து கொடுக்கும் முறை மீண்டது. காக்கும் பொறுப்பு நகராட்சியினுடையது. வழங்கும் முறை காஷிஹோன்யாவினுடையது. இரு மரபுகளும் இங்கே ஒன்றாயின. புன்கோ என்னும் சொல்லும் இக்காலத்தே புதுப்பொருள் பெற்றது. எழுத்தாளர் இஷீ மொமோகோ அம்மையார் 1958இல் தம் இல்லத்தில் அண்டை வீட்டுச் சிறுவர்க்கென ஒரு நூலகம் திறந்து அதனைக் கத்சுரா புன்கோ என அழைத்தார். அதனைப் போன்ற வீட்டு நூலகங்கள் நாடெங்கும் தாய்மாரால் நடத்தப்பெற்றன. பூட்டிய களஞ்சியத்தைக் குறித்த சொல் குழந்தைகள் புகும் வீட்டறையைக் குறிப்பதாயிற்று.

முடிவுரை

2000ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய எழுத்தாளர் சிலர், பொது நூலகங்கள் இலவச வாடகை நூற்கடைகளாகிவிட்டன எனக் குறைகூறினர். ஒரே கதைநூலின் பல படிகளை வாங்கி வழங்குவதால் நூல்விற்பனை குன்றுகின்றது என்பது அவர்தம் வாதம். 2003இல் உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நூலகங்களின் ஆட்சியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கவும் வழி ஏற்பட்டது. எழுத்தாளர் தம் உழைப்பின் பயன் கருதிக் கூறுவதைப் புறக்கணித்தல் முறையன்று. ஆயினும் வாடகை நூற்கடை என்பது இழிசொல்லாக வழங்குவதை நாம் ஏற்க இயலாது. அந்நாட்டு மக்களைப் படிப்போராக்கியதில் பெரும்பங்கு அக்கடைகளுக்கு உண்டு. அவற்றுட் சிறந்ததாகிய தாய்சோவின் நூல்களைப் பல்கலைக்கழகங்களே தேடி வாங்கின.

சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், 1981இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. நூலின் சிறப்பு அது பயன்படுதலில் உள்ளது என்பதே அவர் வகுத்த முதல் விதியின் கருத்து. யகத்சுகு ஒரு மூலையில் தொடங்கியதும், ஹனாவா மரப்பலகையிற் செதுக்கியதும், ஹினோவின் வண்டி தெருவில் நின்று கொடுத்ததும் அக்கருத்தின் வெவ்வேறு வடிவங்களே. உன்தெயியின் கதவு நிறுவியவரின் வாழ்நாளோடு ஒட்டியிருந்தது. 1875இன் கதவு அரசின் விருப்பத்தோடு ஒட்டியிருந்தது. 1950இன் கதவு சட்டத்தாலும், 1965க்குப் பின்னர் மக்கள் வழக்கத்தாலும் திறந்து நிற்கின்றது. காத்தலும் வழங்கலும் தம்முள் மாறுபட்டன அல்ல. வழங்கலும் காத்தலின் ஒரு முறையே என்பது ஜப்பானிய நூலக வரலாற்றால் நாம் பெறும் முடிவாகும்.